கிணற்றடியில் வளைந்த வேலி: திருகோணமலை எல்லைத் தகராறு ஒன்றின் முழு விபரம்

தகராறுக்குரிய நிலம் ஒரு பேர்ச் கூட இல்லை. 256 சதுர அடி, அதாவது 0.94 பேர்ச். இதற்காக இரண்டு குடும்பங்கள் கிராம சேவகரிடம் போய், பொலிஸுக்குப் போய், மத்தியஸ்த சபைக்குப் போய், இரண்டு நீதிமன்றப் படிகளும் ஏறின. இரண்டு பக்கமும் சொன்ன வசனம் ஒன்றுதான்: "வேலி எத்தனை வருஷமா நிக்குது, ஊருக்கே தெரியும்." வேலி நின்றது உண்மை. எங்கே நின்றது, எப்போதிருந்து அங்கே நின்றது, யார் சொல்லி அங்கே வந்தது என்ற மூன்றையும் யாரும் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த விஷயம் பாதி வழியிலேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தொடங்குமுன் ஒரு சொல். உப்புவெளி, நிலாவெளி வீதிப் பக்கத்து எல்லைப் பிணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களை ஒரே காணியில் வைத்து எழுதியது இது. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை என்று யாரும் எடுக்க வேண்டாம். சட்டமும் அளவும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

காணி

ஒழுங்கைக்கு வடக்கே ஒரு றூட் காணி. ஒரு றூட் என்றால் 40 பேர்ச். உரியவர் 1968இல் அதை நடுவால் பிரித்தார். கிழக்குத் துண்டு மகளுக்குச் சீதன உறுதியாகப் போனது. மேற்குத் துண்டை ஒரு தூரத்து உறவினருக்கு விற்றார். அன்றைக்கே சர்வேயரைக் கூப்பிட்டுப் பிளான் போட்டதுதான் அந்த மனிதர் செய்த பெரிய உபகாரம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒழுங்கைப் பக்கம் 55 அடி அகலம், உள்நோக்கி 99 அடி, அதாவது ஒன்றரைச் செயின் நீளம். பெருக்கினால் 5,445 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் கணக்கு 20 பேர்ச்சில் பிசகாமல் நிற்கிறது.

பின்கோடியில் ஒரு கிணறு இருந்தது. பிரிக்கும் கோடு அதன் நடுவால் போகும்படி பிளானில் வரைந்திருக்கிறார்கள். இரண்டு உறுதியிலும் கிணற்றில் அரைப் பங்கும், போய்வந்து தண்ணீர் அள்ளும் உரித்தும் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லை என்ற இடத்தில் "இதே பிளானின் 2ஆம் துண்டு", "இதே பிளானின் 1ஆம் துண்டு" என்று மட்டும் இருக்கிறது. வேலி என்ற பேச்சே எந்த உறுதியிலும் இல்லை. பின்னால் வந்த சண்டை முழுக்க வேலியைப் பற்றியதாக இருந்தும், பத்திரத்தில் வேலிக்கு இடமே இல்லை!

வேலி பிறகு வந்தது. பூவரசங் கதியால் நட்டு, நடுவில் கிளுவை போட்டு, கிடுகு வைத்து அடைத்தார்கள். கிணற்றை அண்டியதும் வேலி நின்றுவிடும், கிணற்றுக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். இரண்டு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று தண்ணீர் அள்ளுவார்கள். பங்குக் கிணறு உள்ள வளவுகளில் இது வழக்கமான ஏற்பாடு.

1990க்குப் பிறகு

1990 ஜூனில் யுத்தம் மறுபடி வெடித்தது. கிழக்குத் துண்டு அப்போது ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் பேரில் இருந்தது. தாய் அவருக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர். குடும்பத்தோடு வள்ளமேறி இந்தியா போய் மண்டபம் முகாமில் பதிந்தார். மேற்குத் துண்டுக்காரப் பெரியவர் போகவில்லை. கொஞ்ச நாள் கோயிலில் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

ஆளில்லாத வளவு என்ன பாடுபடும் என்று அந்தக் காலத்தில் இங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஓடு போகும், கதவு நிலை போகும், கடைசியில் வேலிக் கட்டையும் விறகாகப் போகும். மாடுகள் ரீச்சரின் வளவுக்குள் புகுந்து, கிணற்றடித் திறப்பால் பெரியவரின் வளவுக்கும் வரத் தொடங்கின. அவர் செய்தது மிக இயல்பான காரியம். ஒழுங்கையிலிருந்து 32 அடி தூரத்துக்குப் பழைய வேலியை அப்படியே விட்டார். அதற்குப் பிறகு கிழக்கே சாய்த்து, கிணறு முழுவதும் தன் பக்கம் வரும்படி கிளிசரியாக் கதியால் நட்டு அடைத்தார். பின்கோடியில் புதிய வேலி பழைய கோட்டிலிருந்து 8 அடி விலகி நின்றது. 64 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள ஒரு முக்கோணம். நான் மேலே சொன்ன 256 சதுர அடி அதுதான்.

போர்நிறுத்தம் வந்த பிறகு, 2003இல் ரீச்சர் திரும்பினார். கூரையில்லாத வீட்டைக் கட்டி எழுப்பும் அவசரத்தில் வேலியை யார் பார்ப்பது? "அண்ணை, வேலியை ஆறுதலா மாத்துவம்" என்று அவர் சொன்னதாகவும், பெரியவர் "ஓம் பிள்ளை" என்றதாகவும் ரீச்சர் தரப்பு சொன்னது. கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை. கிணற்றில் அள்ளுவதற்குப் பெரியவர் தடை சொல்லவில்லை, வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு விட்டிருந்தார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிணற்றுக்குள் கடல்நீர் ஏறியது. அடுத்த மாதங்களில் இரண்டு வீட்டாரும் பங்கு போட்டு மோட்டர் வாடகைக்கு எடுத்துக் கிணற்றை இறைத்தார்கள். அப்போது யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. பிற்பாடு வழக்கில் இது எவ்வளவு பாரமாக இருந்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

2007 தொடக்கத்தில் பெரியவர் கிளிசரியாக் கட்டைகளுக்கு நடுவே கொங்கிரீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தார். கடப்பு மூடப்பட்டது. ரீச்சர் வீட்டுக்கு அதற்குள் குழாய்த்தண்ணீர் வந்துவிட்டதால் அவரும் வாய் திறக்கவில்லை. 2011இல் பெரியவர் காலமானார். வளைகுடாவில் வேலை செய்த மகன் ஊர் திரும்பி, 2017 ஜனவரியில் அந்தக் கம்பி வேலிக் கோட்டில் மதில் எழுப்ப அத்திவாரம் வெட்டினார். அன்றைக்குத்தான் பிரச்சினை தொடங்கியது.

பொலிஸும் 66ஆம் பிரிவும்

கிராம சேவகர் வந்து பார்த்தார். எல்லையைத் தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. "அளந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் அதுதான் இந்த வழக்கிலேயே கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை. இரண்டு பக்கமும் கேட்கவில்லை. மத்தியஸ்த சபையில் இரண்டு தவணை பேசி, இணங்கவில்லை என்ற சான்றிதழோடு வெளியே வந்தார்கள். இதற்கிடையில் ஒரு நாள் அத்திவாரக் குழியில் கல்லும் மண்வெட்டியும் பறந்ததால் பொலிஸ் தலையிட்டது.

பொலிஸ் தாக்கல் செய்தது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழான அறிக்கை. காணிச் சண்டையால் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸ் இப்படி அறிக்கை செய்யலாம், தரப்பினரும் நேரடியாகப் போகலாம். இந்த வழக்கைப் பற்றிச் சனத்துக்கு உள்ள மிகப் பெரிய தவறான எண்ணம், இது காணி யாருடையது என்று தீர்க்கும் வழக்கு என்பது. அப்படியல்ல. அறிக்கை தாக்கலான நாளில் நிலம் யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்களா, இவ்வளவுதான் கேள்வி. விசாரணையும் சத்தியக்கூற்றுகளின் மேல் சுருக்கமாகவே நடக்கும். தொடங்கி 3 மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தெளிவு. முக்கோணம் மகன் கையில் இருந்தது. சிவில் நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்க்கும்வரை அவருடைய இருப்பைக் குழப்பக்கூடாது என்று கட்டளை வந்தது. மதில் வேலையும் அதுவரை நிறுத்தப்பட்டது. ரீச்சர் வீட்டில் தோற்றுவிட்டோம் என்று அழுகை, பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தாத குறை. இரண்டுமே பிழை. அந்தக் கட்டளை உரித்தைத் தொடவே இல்லை, சிவில் நீதிமன்றக் கதவைத் திறந்தே விடுகிறது. ஆனால் ஒரு பாதிப்பு உண்டு: இருப்பில் உள்ளவர் ஆறுதலாக இருக்கலாம், வழக்குப் போடும் பாரம் மற்றவர் தலையில். ரீச்சர் 2017 ஓகஸ்டில் மாவட்ட நீதிமன்றத்தில் எல்லையை நிர்ணயித்துத் தரும்படியும், மாற்றாகத் தன் உரித்தை உறுதிசெய்து முக்கோணத்தை மீட்டுத் தரும்படியும் வழக்கிட்டார்.

பத்து வருஷம்

மகனின் மறுமொழி, ஊரில் யாரும் சொல்லும் மறுமொழிதான்: "பத்து வருஷத்துக்கு மேலே எங்கட ஆட்சி." 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவில் பத்து வருடம் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு வெறும் பத்து வருட இருப்பைக் கேட்கவில்லை. குழப்பமும் இடையீடும் இல்லாமல், உரியவரின் உரித்துக்கு எதிராக அல்லது அதைச் சாராமல் இருந்திருக்க வேண்டும். வாடகையோ குத்தகையோ கொடுத்து, அல்லது வேறு வழியில் மற்றவரின் உரித்தை ஏற்றுக்கொண்டு இருந்தால் அந்தப் பத்து வருடம் ஓடாது. வேலிச் சண்டைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் சறுக்கும்.

மகனுக்கு மூன்று தொடக்கப் புள்ளிகள் இருந்தன. கிளிசரியா வேலி வந்த 1991. ரீச்சர் திரும்பிவந்து கண்டும் பேசாமல் விட்ட 2003. கொங்கிரீட் தூண் நட்டுக் கடப்பை மூடிய 2007. மூன்றிலிருந்தும் வழக்கு நாளுக்குப் பத்து வருடம் தாண்டுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ரீச்சரின் வழக்கு செத்த வழக்கு.

அப்போதுதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் மேசைக்கு வந்தது. ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தன் காணி உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாமல் போனவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எதிராளியின் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கான சட்டம் அது. பயனடைய 2 வருட அவகாசம் மட்டுமே கொடுக்கப்பட்டது. 2017 ஓகஸ்ட் அதற்குள் விழுந்தது ரீச்சரின் அதிர்ஷ்டம். கணக்கு 2009 மே 19இலிருந்து தொடங்கினால் வழக்கு நாளுக்கு 8 வருடமும் சில மாதங்களும்தான் ஆகின்றன. மூன்று தொடக்கப் புள்ளிகளும் ஒரே வீச்சில் விழும்.

ஆனால் அவ்வளவு சுலபமில்லை. ரீச்சர் 2003இலேயே வந்துவிட்டார். நீதிமன்றம் அவர் வீட்டிலிருந்து ஓட்டோ பிடித்துப் போகும் தூரம். 2003 முதல் 2009 வரை "போக முடியாதவர்" என்று அவரை எப்படிச் சொல்வது என்று மகனின் சட்டத்தரணி கேட்டார். நியாயமான கேள்வி. 2006இல் மாவிலாறு, மூதூர் என்று மாவட்டமே மறுபடி எரிந்தது என்பது ரீச்சர் தரப்பின் பதில். அதுவும் நியாயம். இன்னொன்றும் உண்டு, இது என் சொந்த அபிப்பிராயம்: 1990இல் இந்தக் கரையிலிருந்து ஓடிய சனம் ஒரே ஒரு தரப்புக்குப் பயந்து ஓடவில்லை. சட்டமோ இடம்பெயர்வுக்கு ஒரேயொரு காரணத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. அந்த வார்த்தைகளுக்குள் தன் ஓட்டத்தை அடைத்துக்காட்டும் பாரம் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுந்தது சரியாகப் படவில்லை.

ஆக, இந்தச் சட்டத்தை மட்டும் நம்பி வெல்வோம் என்று ரீச்சரின் சட்டத்தரணியும் நினைக்கவில்லை. வழக்கைத் திருப்பியவை வேறு இரண்டு: அளவு, ஒரு கடிதம்.

அளவு

நீதிமன்றம் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவருக்கு ஆணை கொடுத்தது. 1968 பிளானை இன்றைய அளவின் மேல் ஏற்றிக் காட்டவேண்டும், பெளதிக அடையாளங்கள் எல்லாவற்றையும் குறிக்கவேண்டும். எல்லை வழக்கில் உயிர்நாடி இந்தப் பிளான்தான்.

பழைய பிளானை ஏற்ற அசையாத புள்ளிகள் தேவை. வேலி அசையும். ஒழுங்கையும் அசையும், பின்னால் சொல்கிறேன். கிணறு அசையாது. வடகிழக்கு மூலைக்கல் ஒரு சாண் மண்ணுக்கடியில் கிடைத்தது. ஒழுங்கைக்கு அப்பால் ஒரு பழைய கல்வீட்டின் மூலைக்கு உள்ள தூரம் 1968 பிளானில் அளந்து குறிக்கப்பட்டிருந்தது, அந்த மூலையும் நின்றது. மூன்று புள்ளி போதும். கிணற்றின் மையம் பழைய கோட்டில் கிட்டத்தட்டச் சரியாக விழுந்தது.

"கிட்டத்தட்ட" என்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பிளான் ஓர் அங்குலத்துக்கு 40 அடி என்ற அளவில் வரைந்தது. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு கோடு நிலத்தில் 9 அங்குலத்துக்கு மேல் வரும். "ஆறு அங்குலம் களவெடுத்துட்டான்" என்று பழைய பிளானைக் காட்டிச் சண்டை பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. கோட்டின் தடிப்புக்குள்ளே இருக்கும் நிலத்துக்குப் பிளானால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கே விலகல் 8 அடி என்பதால் அந்தச் சந்தேகம் எழவில்லை.

அடுத்தது மரங்கள். ஒழுங்கையிலிருந்து 20 அடியில் ஒரு கிழட்டுப் பூவரசு, பழைய முள்ளுக்கம்பியைத் தன் உடம்புக்குள் விழுங்கி வைத்திருந்தது. சரியாகப் பிளான் கோட்டில் நின்றது. அதற்கு நேர் பின்னால், இப்போதைய வேலியிலிருந்து விலகி, மகனின் பக்கத்து மண்ணில் தோண்டியபோது இரண்டு பூவரச அடிக்கட்டைகள் கிடைத்தன. அவையும் அதே கோட்டில். கிளிசரியாவும் கொங்கிரீட் தூணும் 32 அடிக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. ஊரே தெரியும் என்று சொன்ன அந்தப் பழைய வேலி உண்மையில் இரண்டு வேலிகள் என்பது அன்றைக்கு வெளிச்சமானது. முன்பாதி அறுபதுகளின் வேலி, பின்பாதி தொண்ணூறுகளின் வேலி.

பரப்புக் கணக்கும் ஒரு பாடம் நடத்தியது. ரீச்சரின் கையில் இருந்தது 18.45 பேர்ச். உறுதிப்படி 20. ஒன்றரைப் பேர்ச் போய்விட்டது, அத்தனையையும் பக்கத்து வீட்டார் விழுங்கிவிட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். மகனின் கையில் 20.33 பேர்ச். "என்ட உறுதியில இருபது, நிலத்தில இருபது, நான் யாருடையதை எடுத்தன்?" என்று அவர் கேட்டார். இரண்டு பேருமே பரப்பை மட்டும் பார்த்தார்கள். எண்பதுகளில் வடிகான் வெட்டி ஒழுங்கையை அகலமாக்கியபோது இரண்டு துண்டிலும் முன்பக்கம் 3 அடி போயிருக்கிறது. நீளம் இப்போது 96 அடிதான். ஆகவே ஒவ்வொருவருக்கும் நியாயமாக இருக்கவேண்டியது 19.39 பேர்ச். ரீச்சர் இழந்த 1.55இல் 0.61 ஒழுங்கைக்குப் போனது, 0.94தான் முக்கோணம். மகனும் ஒழுங்கைக்கு இழந்த 0.61ஐப் பற்றி ஒன்றும் அறியாமல், முக்கோணத்தால் அதை நிரப்பிக்கொண்டு இருபது சரி என்று நின்றிருக்கிறார். உறுதியில் எல்லை தெளிவாக இருக்கும்போது எல்லைதான் பேசும், பேர்ச் கணக்கு அதற்குப் பின்னால்தான் வரும். இதை முதலே தெரிந்திருந்தால் "களவு" என்ற சொல் வந்திருக்காது. அந்தச் சொல்தான் இரண்டு வீட்டுக்கும் இடையில் காணியைவிடப் பெரிய இடைவெளியைப் போட்டது.

கடிதம்

கடிதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் மகன்தான். தகப்பனின் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த வான்கடிதம், 1992இல் மண்டபம் முகாமிலிருந்து ரீச்சர் எழுதியது. தொண்ணூறுகளிலிருந்தே தங்கள் குடும்பம்தான் அந்த நிலத்தைப் பார்த்துவந்தது என்று நிரூபிக்க அவர் அதைப் பட்டியலில் சேர்த்தார். கடிதத்தில் இருந்தது இதுதான்: நீங்கள் கிணற்றையும் சேர்த்து வேலி அடைத்தது நல்லது அண்ணை, நாங்கள் வரும்வரைக்கும் அப்படியே இருக்கட்டும், தேங்காயை நீங்களே எடுங்கோ.

இருப்பை நிரூபிக்க வந்த கடிதம், அந்த இருப்பு அனுமதியோடு வந்தது என்பதையும் நிரூபித்துவிட்டது. 1898இல் தீர்க்கப்பட்ட மதுவன்வல எதிர் ஏக்நெலிகொட வழக்கிலிருந்து இலங்கைச் சட்டம் இதில் தடுமாறியதில்லை. அனுமதியின் பேரில் ஒரு நிலத்துக்குள் வந்தவர், வெளிப்படையான ஒரு செயலால் தன் எண்ணம் மாறியதைக் காட்டும்வரை, வந்த நிலையிலேயே இருப்பதாகத்தான் கருதப்படுவார். அனுமதி கொடுத்தவர் எத்தனை வருடம் பேசாமல் இருந்தார் என்பது அங்கே எடுபடாது. 1991 என்ற தொடக்கப் புள்ளி அத்தோடு போனது. 2003ம் போனது, ரீச்சர் திரும்பி வந்ததால் மட்டும் அனுமதி பகையாக மாறிவிடாது. 2005இல் பங்கு போட்டுக் கிணறு இறைத்தது, அப்போதும் பெரியவர் ரீச்சரின் பங்கை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சியானது.

மிஞ்சியது 2007 தூண்கள். கடப்பை மூடியது வெளிப்படையான செயலா? நான் மகனின் பக்கம் நின்றிருந்தால் இதைத்தான் இறுகப் பிடித்திருப்பேன். கட்டைக்குப் பதில் தூண் போடுவது பராமரிப்பு. கடப்பை மூடுவது வேறு விஷயம், அது உரிமைக்காரரை வெளியே நிறுத்துவது. அந்த வாதம் எடுபட்டால் பத்து வருடம் 2017 தொடக்கத்தில் பூர்த்தியாகிறது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி மட்டும்தான் ரீச்சரைக் காப்பாற்றும். ஆக, இரண்டு தரப்புக்கும் கையில் ஓர் ஓட்டை இருந்தது. இணக்கத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இணக்கம்

சாட்சி விசாரணை தொடங்கும் முதல் விளக்கத் தவணைக்கு முன் இரண்டு சட்டத்தரணிகளும் சர்வேயரின் பிளானை வைத்துப் பேசத் தொடங்கினார்கள். மகனுக்கு உண்மையில் வேண்டியிருந்தது மதில். ரீச்சருக்கு வேண்டியிருந்தது, தான் ஏமாளி இல்லை என்ற பெயர். அந்த 256 சதுர அடியில் யாரும் வீடு கட்டப் போவதில்லை.

பேச்சு ஒரு தென்னையில் முறியப் பார்த்தது. தொண்ணூறுகளில் பெரியவர் முக்கோணத்துக்குள் நட்ட மரம், நல்ல காய்ப்பு. கோடு பழைய இடத்துக்குப் போனால் தென்னை ரீச்சரின் நிலத்தில். நிலத்தில் ஊன்றிய மரம் நிலத்தோடு போகும் என்பது சட்டம். மகனின் தாய், அதுவரை நீதிமன்றப் பக்கமே வராதவர், "அவர் தண்ணி ஊத்தி வளர்த்த மரம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ரீச்சர்தான் முடித்துவைத்தார். "அக்கா இருக்கிறவரைக்கும் காய் நீங்களே பறியுங்கோ தம்பி. ஓலை விழுந்து என்ட ஓட்டை உடைக்காமப் பார்த்தாக் காணும்." இதைத் தீர்வுரையில் எழுதவேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். சட்டத்தரணிகள் எழுதவே விரும்பினார்கள். எழுதாமல் விட்டது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன், மரத்துக்கு ஒரு சொத்துரிமை எழுதப்போய் இன்னொரு தலைமுறைச் சண்டைக்கு வித்திட்டிருப்பார்கள்.

எழுதப்பட்டவை இவை. எல்லை 1968 கோடு. கிணற்றுக்கு இரண்டு பக்கமும் 5 அடி தூரத்துக்கு மதில் வராது, அந்த இடம் திறப்பாகவே இருக்கும், ஆளுக்கொரு படலை போட்டுக்கொள்ளலாம். மற்ற இடத்தில் மதில் கோட்டின் நடுவில் எழும், செலவு பாதிப் பாதி. கிணற்றுப் பங்கும் நீர் அள்ளும் உரித்தும் உறுதியில் உள்ளபடி தொடரும். வழக்குச் செலவு அவரவருக்கு. மூலைகளில் புதிய எல்லைக்கல் நட்டு, சர்வேயரின் பிளான் தீர்வுரையோடு இணைக்கப்படும். சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் இணக்கத் தீர்வுரை வழங்கும்.

எல்லாம் பேசி முடிந்த பிறகும் கையெழுத்து வைக்கப் பல மாதங்கள் போயின. காரணம் அற்பமாகத் தோன்றும், ஆனால் இங்கே பாதிக் காணிகளின் நிலை அதுதான். பெரியவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தார். மேற்குத் துண்டு மகனுக்கு மட்டும் சொந்தமில்லை. தாய்க்கும், பிரான்சில் இருக்கும் தங்கைக்கும், கொழும்பில் இருக்கும் தம்பிக்கும் அதில் பங்கு உண்டு. மதில் கட்ட அத்திவாரம் வெட்டியபோது அவர்கள் யாரையும் மகன் கேட்கவில்லை. பங்காளி ஒருவர் தனியாகச் சம்மதித்தால் மற்றவர்களை அது கட்டாது, நாளைக்கு ஒருவர் வந்து "எனக்கு அறிவிக்கவில்லை" என்றால் தீர்வுரையின் பெறுமதி ஆட்டம் காணும். பிரான்சிலிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி, இங்கே பதிந்து, அதன் பேரில் தம்பி தங்கைக்காகக் கையெழுத்து வைத்த பிறகுதான் நீதிமன்றத்தில் பதிவானது.

தீர்வுரையும் பிளானும் காணிப் பதிவகத்தில் இரண்டு துண்டின் ஏட்டிலும் பதியப்பட்டன. இந்தக் கடைசி அடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதியாவிட்டால் பத்து வருடம் கழித்து ஒரு துண்டை வாங்குபவர் பழைய உறுதியை மட்டும் பார்த்துவிட்டு, மதில் ஏன் கிணற்றடியில் நிற்காமல் விட்டிருக்கிறது என்று அடைக்கப் பார்ப்பார். சர்வேயர் தன் அறிக்கையில் ஒழுங்கைக்குப் போன 3 அடியையும் தனியாகக் குறித்து, துண்டு ஒவ்வொன்றின் இன்றைய பரப்பையும் 19.39 பேர்ச் என்று எழுதியிருந்தார். வடக்குப் பக்க வேலி மட்டும் யாராலும் அளக்கப்படவில்லை. அந்தப் பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். வளவு 1990இலிருந்து பூட்டிக் கிடக்கிறது.